ஸ்ரைன் எழுதிய ‘அலிஸ் ரொக்லஸின் சுயசரிதை’: எப்படி வாசிப்பது?

உவர்மலை வாசகி:

வணக்கம். திருகோணமலையில் எங்கள் வாசிப்பு வட்டம் அடுத்ததாக எடுத்திருப்பது அமெரிக்க எழுத்தாளர் கேர்ட்ரூட் ஸ்ரைன் தன் தோழி அலிசின் குரலில் எழுதி 1933இல் வெளியிட்ட ‘அலிஸ் பி. ரொக்லஸின் சுயசரிதை’. ஆங்கில மூலத்தையே வாசிக்கிறோம். ஒன்பது பேர், நாலு ஞாயிறு, ஒவ்வொரு முறையும் இரண்டு மணித்தியாலம். மூன்றாம் அத்தியாயத்துக்குள் போனதும் பாதிப்பேர் நின்றுவிட்டார்கள்.

பக்கத்துக்குப் பக்கம் புதுப்பெயர்கள். ஓவியரா, ஓவியரின் மனைவியா, படம் விற்பவரா என்று தெளிவதற்குள் அடுத்த ஆள் வந்துவிடுகிறார். 1907இல் நிற்கும் கதை திடீரென்று போர்க்காலத்துக்குப் போய்த் திரும்புகிறது. இவற்றையும்விடப் பெரிய சிக்கல், தோழியின் வாயால் தன்னையே மேதை என்று ஸ்ரைன் சொல்லவைத்திருப்பது. இந்தத் தற்பெருமையை ஏன் பொறுமையாக வாசிக்கவேண்டும் என்று வட்டத்தில் இரண்டு பேர் நேரடியாகவே கேட்கிறார்கள்.

எந்த ஒழுங்கில் வாசிக்கலாம்? பெயர்களை என்ன செய்வது? சொல்லப்படுவதில் எதை நம்பலாம்? எந்தப் பிரதி நல்லது? ஸ்ரைனின் இளமையைச் சொல்லும் நாலாம் அத்தியாயத்தை மூன்றாவதுக்கு முன் வாசித்தால் இலகுவாக இருக்குமா?


கோட்டைவாசல்:

அக்கா, பெயர்களை ஒரு பக்கம் வைத்துவிட்டு முதலில் குரலைப் பிடியுங்கள். இந்தப் புத்தகத்தில் தடுமாறுகிறவர்களில் பெரும்பாலானோர் யார் பேசுகிறார் என்பதைப் பத்துப் பக்கத்துக்குள் மறந்துவிடுகிறார்கள். பிறகு எல்லாமே ஸ்ரைனின் தற்புகழ்ச்சியாகத்தான் காதில் விழும்.

நமக்கு இது புதிய உத்தியில்லை. அகப்பாடலில் புலவர் தோழியாக நின்று தலைவியைப் பற்றிப் பேசுகிறார். பாட்டின் கீழே ‘தோழி கூற்று’ என்று துறைக்குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்பை விட்டுவிட்டுப் பாட்டை வாசித்தால் பொருள் பாதி போய்விடும். யார் சொல்கிறார், யாருக்குச் சொல்கிறார், யார் கேட்கும்படி சொல்கிறார் என்று பார்த்துப் பழகிய வாசகருக்கு இந்தச் சுயசரிதை மிகவும் இசைவானது. வேறுபாடு ஒன்றுதான்: அகத்தில் ஒருவர் பெயரையும் சுட்டக்கூடாது, இங்கே பெயர்கள் கொட்டிக்கிடக்கின்றன. குரல் அகத்தின் குரல், விடயம் முழுக்கப் புறம்.

செய்முறை இப்படி. ஒவ்வொருவரும் மூன்று நிறப் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். அலிஸ் பரிசுக்கு வந்தது 1907 செப்டெம்பரில். அதற்குப் பிறகு அவரே கண்ணால் கண்டிருக்கக்கூடியவற்றுக்கு ஒரு நிறம். அதற்கு முந்தியவை, அதாவது ஸ்ரைன் சொல்லி அலிஸ் கேட்டிருக்கக்கூடியவை, இரண்டாவது நிறம். ஸ்ரைனின் மனதுக்குள் மட்டும் நடந்திருக்கக்கூடியவற்றுக்கு மூன்றாவது. இரண்டாம் அத்தியாயத்தில் முதல் நிறம் நிறைய விழும். மூன்றும் நாலும் அலிஸ் வருவதற்கு முந்திய காலம், ஆகவே அங்கே இரண்டாவதுதான் ஆட்சி. ஆனால் தொனி கொஞ்சமும் மாறாது, நேரில் கண்டவர் சொல்வதுபோலவே போகும். மூன்றாம் அத்தியாயத்தில் பலர் நிற்பதற்கு உண்மையான காரணம் இதுதான். பெயர்கள் கூடியது மட்டும் காரணமில்லை, சாட்சியே மாறிவிட்டது.

ஸ்ரைன் வீட்டுச் சமையற்காரி எலென் வரும் இடத்தை முதல் நாளே எல்லோரும் சேர்ந்து வாசியுங்கள். எலெனுக்கு ஓவியர் மத்தீசைப் பிடிக்காது. அவர் இரவுச் சாப்பாட்டுக்கு நிற்கப்போகிறார் என்று தெரிந்தால் ஒம்லெற் போடமாட்டாள், முட்டையைப் பொரித்துத்தான் வைப்பாள். முட்டை எண்ணிக்கையும் அதேதான், வெண்ணெயும் அதேதான், மரியாதை மட்டும் குறைவு, அவருக்கு அது விளங்கும் என்பது அவள் கணக்கு. இது சமையலறைப் பக்கம் நின்று பார்க்கிற ஆளின் பார்வை. புத்தகத்தின் மிக நல்ல பகுதிகள் எல்லாம் இந்த உயரத்திலிருந்து சொல்லப்பட்டவைதான். மேதைகள் ஸ்ரைனோடு பேச, அவர்களின் மனைவியரோடு அலிஸ் இருக்கிறார். பிக்காசோவின் துணைவி பெர்னாந்திடம் பிரெஞ்சுப் பாடம் படிக்கிறார், பேச்செல்லாம் தொப்பியும் வாசனைத் திரவியமுமாகப் போகிறது. இந்தக் காது இல்லாவிட்டால் ஸ்ரைன் இந்தப் புத்தகத்தை எழுதியிருக்கமுடியாது.

நிறுத்தக்குறிகள் பற்றியும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பேச்சுக்கு மேற்கோள்குறி இல்லை. காற்புள்ளி மிக அரிது. கேள்விகள் கேள்விக்குறி இல்லாமல் முற்றுப்புள்ளியோடு நிற்கும். பிரெஞ்சு, அமெரிக்க போன்ற அடைகள் சிறிய எழுத்தில் தொடங்கும். ‘கேர்ட்ரூட் ஸ்ரைன்’ எப்போதும் முழுப்பெயராகவே வரும். இவை அச்சுப்பிழைகள் என்று நினைத்து யாரும் மனதுக்குள் திருத்திக்கொண்டு வாசிக்கவேண்டாம். கண்ணால் வேகமாக ஓடினால் யார் சொன்னது என்று குழம்பும். வாய்விட்டு வாசித்தால் குழப்பம் கெதியாய்த் தீரும். ஆளுக்கு அரைப்பக்கம் போதும், அதற்குமேல் ஒருவரே வாசித்தால் குரல் தட்டையாகிவிடும்.


நிலாவெளிக் காற்று:

பென்சில் முறை நல்லது. நான் ஒழுங்கையும் பெயர்களையும் பற்றிச் சொல்கிறேன்.

நாலாவதை முன்னுக்கு எடுக்கவேண்டாம். ஏழு அத்தியாயமும் இப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன: அலிஸ் பரிசுக்கு வருமுன், வந்த கதை, 1903 முதல் 1907 வரை பரிசில் ஸ்ரைன், பரிசுக்கு வருமுன் ஸ்ரைன், 1907 முதல் 1914 வரை, போர், போருக்குப் பின் 1932 வரை. முதலில் சுவர் நிறையப் படங்கள் உள்ள வீட்டுக்குள் நாம் நுழைகிறோம். அந்தப் படங்கள் எப்படி வந்தன என்று பிறகு தெரிகிறது. அதற்கும் பிறகுதான் வாங்கிய ஆள் எங்கே பிறந்தார், என்ன படித்தார் என்று. ஒருவரோடு பழகும்போது நாம் அவரை அறிந்துகொள்வதும் இதே ஒழுங்கில்தானே? நாலாவதை முதலில் வாசித்தால் அது பிறப்பு, படிப்பு, பட்டம் என்று போகும் வழக்கமான வாழ்க்கை வரலாறாகிவிடும். ஸ்ரைன் கலைத்துப்போட்டதை நாம் திரும்ப அடுக்கக்கூடாது.

பக்க அளவு பார்த்தால் நாலு ஞாயிறுக்கும் நன்றாகவே பிரியும். வழக்கமான பதிப்பு ஏறத்தாழ 250 பக்கம். முதல் மூன்று அத்தியாயமும் முதல் ஞாயிறு. முதல் அத்தியாயம் இரண்டு மூன்று பக்கம்தான். நாலும் ஐந்தும் இரண்டாவது ஞாயிறு. போர் தனியாக மூன்றாவது. ஏழாவது நீளமானது, அதற்குக் கடைசி ஞாயிறு முழுவதும் வேண்டும். ‘இரண்டு இரண்டாகப் பிரிப்போம்’ என்று ஆறையும் ஏழையும் சேர்த்தால் கடைசி வாரம் யாரும் முடித்துக்கொண்டு வரமாட்டார்கள்.

பெயர்ப்பட்டியலை நீட்டவேண்டாம். பத்துப் பேர் போதும்: ஸ்ரைனின் சகோதரர் லியோ, பிக்காசோ, பெர்னாந்து, மத்தீஸ், படவணிகர் வொலார், கவிஞர் அப்பொலினேர், ஓவியர் ரூசோ, ஓவியர் யுவான் கிரி, தத்துவஞானி வைற்கெட், எழுத்தாளர் ஹெமிங்வே. இந்தப் பத்துப் பேரையும் ஒரு தாளில் எழுதி, எதிரே அவர் முதலில் வரும் பக்கத்தையும் குறித்துவிடுங்கள். மற்றவர்கள் வந்து போகட்டும். சனிக்கிழமை இரவுகளில் புளூருஸ் வீதி 27ஆம் இலக்க வீட்டுக்கு யாரும் வரலாம். யாருடைய அறிமுகத்தில் வந்தீர்கள் என்று கதவடியில் கேட்பது ஒரு சடங்கு, அவ்வளவுதான். வந்தவர் எல்லோரையும் வாசகர் நினைவில் வைக்கவேண்டும் என்று ஸ்ரைன் எதிர்பார்க்கவில்லை. கூட்டம் நிறைந்த அறை என்ற உணர்வு வந்தால் போதும்.

காலத்துக்கு ஒரு சிறிய ஆண்டுவரிசை. 1903 ஸ்ரைன் பரிசுக்கு வந்தது. 1905 இலையுதிர்காலக் கண்காட்சியில் மத்தீசின் ‘தொப்பியணிந்த பெண்’. 1905–06 பிக்காசோ ஸ்ரைனை வரைந்தது. 1907 அலிஸ் வருகை. 1908 ஓவியர் ரூசோவுக்குப் பிக்காசோ கொடுத்த விருந்து. 1909 ஸ்ரைனின் ‘மூன்று வாழ்க்கைகள்’ அச்சில். 1912 ஸ்பெயின் பயணம், நடை மாறுகிறது. 1914 போர் தொடங்கும்போது இருவரும் இங்கிலாந்தில், வைற்கெட் வீட்டில். 1925 ‘அமெரிக்கர்களின் உருவாக்கம்’ அச்சில். இதை அட்டையின் உட்புறத்தில் ஒட்டிவிட்டால் கதை முன்பின் பாயும்போதெல்லாம் ஒரு பார்வையில் இடம் தெரியும். எடுத்துக்காட்டாக, போரின் முதல் குளிர்காலத்தில் பரிஸ் வீதியில் உருமறைப்பு நிறம் பூசிய பீரங்கியைக் கண்டு, இதைச் செய்தது (பொருள்களைக் கட்டங்களாக உடைத்து வரையும் கியூபிச ஓவியர்களான) நாங்கள்தான் என்று பிக்காசோ வியந்து நிற்கும் இடம் போர் அத்தியாயத்துக்கு முன்பே வந்துவிடும். பிறகு குரல் விட்ட இடத்துக்குத் தானாகத் திரும்பும். திரும்பும் வசனத்தின் கீழே கோடிட்டு வையுங்கள். பத்துப் பதினைந்து கோடு விழுந்ததும் இந்தத் தாவல்களின் தாளம் பிடிபட்டுவிடும்.


உவர்மலை வாசகி:

இருவருக்கும் நன்றி. ஒழுங்கும் பிரிப்பும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். தற்பெருமைக் கேள்விதான் இன்னும் நிற்கிறது. முதல் அத்தியாயத்திலேயே, மேதையைச் சந்திக்கும்போது தனக்குள் மணி ஒலித்தது என்றும், அப்படி மூன்று முறைதான் நடந்தது என்றும் அலிஸ் சொல்கிறார்: ஸ்ரைன், பிக்காசோ, வைற்கெட். எழுதியது ஸ்ரைனே என்று தெரிந்த பிறகு இதை எந்த முகத்தோடு வாசிப்பது?


பழைய தமிழ்மாணவன்:

பிள்ளை, இதற்கு நன்னூல் பொதுப்பாயிரத்தை எடுத்துப் பாருங்கள். எவ்வளவு அரிய நூலைச் செய்து முடித்தாலும் ‘தான்தற் புகழ்தல் தகுதி யன்றே’ என்கிறார் பவணந்தியார். ஆகவேதான் சிறப்புப்பாயிரத்தை வேறொருவர் சொல்லவேண்டும்: தன் ஆசிரியர், தன்னோடு கற்றவர், தன் மாணாக்கர், உரைகாரர். நூலாசிரியரின் பெருமையைச் சொல்ல உரிமையுள்ளவர் பட்டியல் இது. ஸ்ரைனுக்கு இந்த நால்வரில் யாருமே சரியாக அமையவில்லை. ‘அமெரிக்கர்களின் உருவாக்கம்’ 1911 அளவில் எழுதி முடிந்தது, நூலாக வந்தது 1925இல். 900 பக்கத்துக்கு மேற்பட்ட அந்த நூலுக்கு வாசகர் மிகச் சிலர். கைப்பிரதிகளைத் தட்டச்சுச் செய்தவர் அலிஸ். 1930இல் பிக்காசோவின் ‘விசிறி ஏந்திய பெண்’ ஓவியத்தை விற்ற பணத்தில் சொந்தப் பதிப்பகம் தொடங்கியபோது அதை நடத்தியவரும் அலிஸ். பாயிரம் சொல்லத் தகுதியுள்ள ஒரே ஆள் பக்கத்திலேயே இருந்தார். ஆனால் அவர் எழுதவில்லை. ஸ்ரைனே அவருக்காக எழுதினார். முழுப் புத்தகமும் நூலாசிரியரே பிறர் வாயில் வைத்த ஒரு நீண்ட சிறப்புப்பாயிரம்.

அடுத்த சூத்திரத்தையும் சேர்த்து வாசிக்கவேண்டும். தன்னைப் புகழ்தல் தகும் என்று நாலு இடங்களுக்கு அது விலக்களிக்கிறது. அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை உணராதவர் நடுவில், அவையில் வாதம் வெல்லும்போது, எதிரி தன்னைப் பழித்தபோது. இரண்டாவதையும் நாலாவதையும் ஸ்ரைனுக்கு வைத்துப் பாருங்கள். அவரது நடையைப் பத்திரிகைகள் கேலி செய்தன, பதிப்பாளர்கள் பிரதிகளைத் திருப்பி அனுப்பினார்கள். ஆங்கில இலக்கியத்தில் தன் காலத்தில் தான் ஒருவரே என்று அவர் உணர்ந்திருப்பதாக ஓரிடத்தில் வருகிறது. அந்த வசனத்தை வட்டத்தின் முன் வைத்து, நாலு விலக்கில் எதற்குள் இது அடங்கும், அடங்காதா என்று கேளுங்கள். நல்ல விவாதம் வரும். என் தீர்ப்பு: உணராதாரிடையில் பேசியது என்ற அளவில் தகும். ஆனால் பிறரைத் தாழ்த்தித் தன்னை உயர்த்தும் இடங்களுக்கு, முக்கியமாக ஏழாம் அத்தியாயத்தில் ஹெமிங்வேயைக் கோழை என்று சொல்லும் பகுதிக்கு, எந்த விலக்கும் பொருந்தாது.

இன்னொன்றையும் வட்டத்தில் வைக்கலாம். இதே 1933இல் உ.வே.சாமிநாதையர் தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தின் முதற்பாகத்தை வெளியிட்டார். பக்கத்தில் இருந்தவர் பெரியவரைப் பற்றி எழுதும் முறையான வடிவம் அது. எழுதுபவர் உண்மையிலேயே மாணாக்கர், கண்டது எது, கேட்டது எது என்று பிரித்தும் காட்டுவார். இரண்டிலிருந்தும் ஐந்து ஐந்து பக்கம் எடுத்து அடுத்தடுத்து வாசித்தால் ஸ்ரைன் எந்த வடிவத்தைக் கடன்வாங்கி எங்கே திருப்பினார் என்பது விளக்கமில்லாமலே புலப்படும்.

தன்னம்பிக்கை மிக்க நவீனத்துவக் குரல் திருமலைக்குப் புதிதுமில்லை. தருமு சிவராமு என்ற பிரமிள் 1939இல் இங்கே பிறந்தவர். ‘எழுத்து’ இதழில் அவர் எழுதிய விமர்சனங்களை வாசித்துப் பழகியவர்களுக்கு ஸ்ரைனின் தொனி அதிர்ச்சி தராது.


திருக்கடலூர்:

எதை நம்பலாம் எண்ட கேள்விக்கு ஆரும் இன்னும் வரேல்ல, நான் சொல்லுறன்.

புத்தகத்தில வந்த ஆக்களே மறுப்பு எழுதியிருக்கினம். பரிசில தொடங்கின ‘ட்ரான்சிஷன்’ எண்ட சஞ்சிகை 1935 பெப்ரவரியில ஸ்ரைனுக்கு எதிரான சாட்சியங்கள் எண்டு ஒரு தனி இணைப்பே போட்டது. மத்தீஸ், ஓவியர் பிராக், கவிஞர்கள் சல்மோன், ட்ரிஸ்தான் சாரா எல்லாரும் அதில எழுதினவை. தன்ர மனுசியைப் பற்றி எழுதின விதம் மத்தீசுக்குக் கோபம். அந்தக் குடும்பத்தில ஓவியத்தை உண்மையா விளங்கினவ ஸ்ரைனின்ர அண்ணன் மைக்கலின்ர மனைவி சேரா எண்டது அவற்ர கட்சி. கியூபிசம் எண்டால் என்ன எண்டு ஸ்ரைனுக்கு விளங்கவே இல்லை, ஆக்களின்ர குணம் மட்டும்தான் தெரியும் எண்டு பிராக் எழுதினார். ரூசோ விருந்தில சல்மோன் குடிச்சுச் சண்டைபிடிச்சதாப் புத்தகம் சொல்லுது. அது வேணுமெண்டு போட்ட நடிப்பு, அதுகூட இவவுக்கு விளங்கேல்ல எண்டது சல்மோனின்ர பதில்.

இந்த மறுப்புகளை முதல் ஞாயிறே குடுத்திடாதேங்கோ. குடுத்தால் எல்லாரும் பொய் பிடிக்கிற வேலையில இறங்கிடுவினம், குரல் காதில விழாது. ரூசோ விருந்து ஐந்தாம் அத்தியாயத்தில வருது. அதை வாசிச்சுச் சிரிச்சு முடிஞ்ச பிறகு, இரண்டாவது ஞாயிறின்ர கடைசி அரை மணித்தியாலத்துக்கு வையுங்கோ. அப்பதான் ஒரே இரவை இரண்டு பேர் எப்பிடிக் கண்டினம் எண்டு பேசலாம்.

அதுக்குமேல, சொல்லாமல் விட்டதையும் பாக்கவேணும். முதற்படங்களை வாங்கின காலத்தில லியோதான் முன்னுக்கு நிண்டவர். பிறகு இருவருக்கும் பிரிவு வந்து, படங்களையும் பங்குபோட்டு, 1914 அளவில அவர் வெளிக்கிட்டிட்டார். அந்த முறிவு புத்தகத்தில ஏறக்குறைய இல்லை. அலிசும் ஸ்ரைனும் வாழ்க்கைத் துணைகளா 1946இல ஸ்ரைன் சாகும்வரை ஒண்டாய் இருந்தவை. அதையும் நேரா ஒரு வசனமும் சொல்லாது. ஆனால் ஒவ்வொரு பக்கமும் அந்த வீட்டுக்குள்ளதான் நடக்குது. ஹெமிங்வேயின்ர பதில் அவர் செத்தபிறகு 1964இல வந்த பரிஸ் நினைவுநூலில இருக்கு. அலிஸ் தானே எழுதின நினைவுநூல் 1963இல வந்தது. நேரமிருந்தால் அதில ரூசோ விருந்து வரும் இடத்தை மட்டுமாவது பக்கத்தில வச்சு வாசியுங்கோ. அந்தக் குரல் இன்னும் சுருக்கம், இன்னும் கூர்மை. இந்தச் சுயசரிதையின்ர குரலில அலிசின்ர பங்கு எவ்வளவு எண்ட பழைய கேள்வி அங்கதான் சூடுபிடிக்கும்.

பிரதி பற்றி. ஆசிரியர் இறந்து எழுபது ஆண்டு கழிஞ்சதால 2017இலிருந்து இலங்கையில பதிப்புரிமை இல்லை. குட்டன்பேர்க் ஒஸ்ரேலியாத் தளத்தில முழுப்பாடமும் இருக்கு, அச்செடுத்துக் குடுக்கலாம். ஆனால் வெறும் எழுத்துக்கோப்பில படங்கள் இராது, இந்தப் புத்தகத்துக்கு அது பெரிய குறை. முதற்பதிப்பின்ர தலைப்புப் பக்கத்தில ஆசிரியர் பெயரே இல்லை. முகப்பில புகைப்படக் கலைஞர் மான் ரே எடுத்த படம்: ஸ்ரைன் மேசையில இருட்டுக்குள்ள எழுதிக்கொண்டிருக்கிறா, அலிஸ் வெளிச்சத்தில கதவடியில நிக்கிறா. கடைசிப் படம் இதே நூலின்ர கைப்பிரதியின் முதற்பக்கம். அலிஸ் எழுதமாட்டா எண்டு தெரிஞ்சதால, ரொபின்சன் குரூசோவின்ர சுயசரிதையை டிஃபோ எழுதினது போலத் தானே எழுதிட்டதாக் கடைசிப் பந்தி சொல்லும். அதை வாசிச்ச கையோட அந்தக் கைப்பிரதிப் படத்தைப் பாக்கவேணும். இப்ப வாற பல பதிப்புகள் அட்டையிலேயே ஸ்ரைன் பெயரைப் போட்டு அந்த ஒழுங்கைக் குலைச்சிட்டுது.


கோட்டைவாசல்:

படங்கள் பற்றிச் சொன்னது முக்கியம். இன்னும் இரண்டைச் சேருங்கள், மத்தீசின் ‘தொப்பியணிந்த பெண்’, பிக்காசோ வரைந்த ஸ்ரைன் உருவம். இரண்டாவது இப்போது நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எண்பது தொண்ணூறு தடவை இருத்தி வரைந்து, பிடிக்காமல் தலையை மட்டும் அழித்துவிட்டு, ஸ்பெயின் போய் வந்து ஆளைப் பார்க்காமலே முகத்தைப் போட்டார் என்று மூன்றாம் அத்தியாயம் சொல்கிறது. உடலும் முகமும் வேறு வேறு காலத்தவை என்பது படத்தில் நன்றாகவே தெரியும். கறுப்பு வெள்ளை நகலில் அது தெரியாது. ஆகவே இந்த இரண்டையும் நிறத்தில், குறைந்தது ஏ4 அளவில் அச்செடுங்கள். ஒன்பது பேருக்கும் தேவையில்லை, நடுவில் வைக்க ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி போதும்.


உவர்மலை வாசகி:

திருக்கடலூர் அண்ணா, கடைசி ஞாயிறுக்கு முன் யாராவது கடைசிப் பந்தியைப் புரட்டிப் பார்த்துவிட்டால் என்ன செய்வது? அச்செடுத்த தாள்தானே, மறைக்கவும் முடியாது.


திருக்கடலூர்:

தங்கச்சி, கடைசித் தாளை மட்டும் கட்டாமல் உங்களிட்டயே வச்சிருங்கோ. ஏழாம் அத்தியாயம் முடியிற அன்று கையில குடுத்து, ஆராவது ஒருவரை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கோ. எழுதினது ஸ்ரைன் எண்டு எல்லாருக்கும் தெரியும்தான். ஆனால் அதை அலிசின்ர குரலிலேயே சொல்லி முடிக்கிற விதம் தெரியாது.